வெள்ளிக்கிழமைக் குளிசை

எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையைச் சுற்றியும் நீலப் பேனையால் ஒரு வட்டம் போடப்பட்டிருக்கிறது. அன்றிரவு சாப்பிட்ட பின்னர் சிறிய மஞ்சள் குளிசைகள் நான்கை ஒன்றாக விழுங்குவேன். விழுங்கிய கையோடு வட்டத்துக்குள் ஒரு புள்ளடி. மருந்தின் பெயர் மெதொட்ரெக்ஸேட். அடுத்த வெள்ளி வரும்வரை அந்தப் போத்தலைத் தொடக்கூடாது. "மறந்துபோய் அடுத்த நாளும் குடிச்சிட்டா?" என்று உம்மா முதல் நாளிலேயே கேட்டார். அந்தப் பயத்தில்தான் வட்டமும் புள்ளடியும் வந்தன.

எனக்கு 25 வயது. மருதமுனையில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். முடக்கு வாதம் என்று உறுதியாகி, சிகிச்சை தொடங்கி 14 வாரங்கள் ஆகின்றன. இந்த நோயைப் பற்றித் தமிழில் தேடினால் எண்ணெய் விளம்பரங்களும், தக்காளி சாப்பிடாதே, கத்தரிக்காய் சாப்பிடாதே என்ற கட்டளைகளும்தான் அதிகம் கிடைக்கின்றன. மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அந்த மாதங்களில்தான் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். நானும் ஐந்தாவது வாரத்தில் விட்டுவிடத்தான் இருந்தேன்.

முதலில் வந்தது விறைப்பு. ஸுபஹுக்கு எழும்பும்போது இரண்டு கைகளிலும் விரல்கள் மடங்க மறுத்தன. வுழூ எடுக்கக் குழாயை உள்ளங்கையால் தள்ளித் திறந்தேன். எட்டு, ஒன்பது மணியானால் இளகிவிடும். வெயில் ஏறியதும் மறந்தும்போவேன். பிறகு சுட்டுவிரலினதும் நடுவிரலினதும் அடி மூட்டுகள் வீங்கின. மோதிரத்தைக் கழற்றச் சவர்க்காரம் தேவைப்பட்டது. கால் விரல்களின் அடியில் யாரோ சரளைக்கல் பரப்பி வைத்ததைப் போலிருந்தது.

ஊரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: சிக்குன்குனியா. அப்படிச் சொன்னதில் தப்பில்லை. 2006ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் காய்ச்சல் இலங்கையில் பரவியபோது, முதலில் அடிபட்ட இடங்களில் கல்முனையும் மட்டக்களப்பும் அடங்கும். காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். சிலருக்கு அந்த நோவு முடக்கு வாதத்தைப் போலவே இழுபட்டுப் போகும். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் எனக்குக் காய்ச்சலே வந்திருக்கவில்லை. அதை நானும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

இப்படி ஏழு மாதங்கள் போயின. எண்ணெய் தேய்த்தோம். பார்மசியில் டைக்ளோபெனக் வாங்கி வெறும் வயிற்றில் போட்டேன். ஒருவர் கொடுத்த தூள் இரண்டே நாளில் அற்புதமாக வேலை செய்தது. நிறுத்தியதும் இரண்டு மடங்காக நோவு திரும்பியது. பின்னர் வைத்தியர் அந்தத் தூளைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். மூட்டு நோவுக்கென்று பெயர் ஒட்டாமல் விற்கப்படும் தூள்களிலும் உருண்டைகளிலும் ஸ்டீரொயிட் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒரே இரவில் சுகம் தரும் எதையும் சந்தேகிக்க வேண்டும் என்றார்.

முடக்கு வாதம் தேய்மானத்தால் வருவதில்லை. வயதானவர்களின் முழங்கால் நோவு வேறு, இது வேறு. கிருமிகளைத் தாக்க வேண்டிய உடலின் நிர்ப்பீடனத் தொகுதி, மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வைத் தாக்கத் தொடங்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலுள்ள கசியிழையத்தையும் என்பையும் மெல்ல அரிக்கிறது. பெரும்பாலும் இரு பக்கத்திலும், கை கால்களின் சிறு மூட்டுகளில் ஆரம்பிக்கும். காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதும், வீக்கம் ஆறு வாரங்களுக்கு மேல் போகாமல் நிற்பதும் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இல் உலகில் 1 கோடி 80 இலட்சம் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். அவர்களில் சுமார் 70 வீதமானோர் பெண்கள். இது கிழவிகளின் நோய் என்ற எண்ணத்தால்தான் என்னைப் போன்றவர்கள் பிந்திப் போகிறோம்.

இரத்தத்தில் ஆர்.ஏ. ஃபக்டர், அன்டி சி.சி.பி. என்ற இரண்டையும் பார்ப்பார்கள். இரண்டும் இல்லாமலும் நோய் இருக்கலாம், ஆர்.ஏ. ஃபக்டர் இருந்தும் நோய் இல்லாமல் இருக்கலாம். ஆகவே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாமே தீர்ப்பு எழுத முடியாது. எனக்கு இரண்டும் இருந்தன. அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 72, சி.ஆர்.பி. 38.

ரிப்போர்ட்டைக் கேட்டதும் உம்மா அழவில்லை. "பெரியும்மாட கை" என்று மட்டும் சொன்னார்.

பெரியும்மாவின் கை

உம்மாவின் மூத்த ராத்தாவை நாங்கள் பெரியும்மா என்போம். மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். வாப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவர் அவர்தான். 1989இல், முப்பது வயதுக்குள், அவருடைய விரல்கள் வீங்கத் தொடங்கின. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இரண்டு முறை போய் மருந்து எடுத்து வந்தார். மூன்றாம் முறை போக வேண்டிய மாதத்தில், 1990 ஜூனில், சண்டை மீண்டும் தொடங்கியது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு அந்தப் பாதையால் போவதை யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. தமிழ்க் கிராமத்தைக் கடக்க முஸ்லிம்கள் பயந்தார்கள். முஸ்லிம் ஊரைக் கடக்கத் தமிழர்கள் பயந்தார்கள். எங்கள் கரையில் ஊர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கின்றன. மருதமுனைக்கு வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு, இரண்டும் தமிழ் ஊர்கள். எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவருடைய பயத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

பாதை திறந்த பிறகும் பெரியும்மா போகவில்லை. அதற்குள் வேறு மரணங்கள், வேறு வேலைகள். விரல்கள் சின்னவிரல் பக்கமாகச் சரிந்து, பிறகு அப்படியே நின்றுவிட்டன. நூல் சுற்றும் வேலை போனது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி தறியையும் கடல் கொண்டுபோனது. அவருடைய பழைய மருந்துத் துண்டுகள் இருந்த தகரப் பெட்டியும் அதோடு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்த ஒரு காலையில் மருந்துத் துண்டைப் பற்றி யார் யோசிப்பார்கள்? எனக்கு அப்போது நான்கு வயது. பெரியும்மா என்னை அந்த வளைந்த கைகளால் அல்ல, முழங்கைகளால் இறுக்கித் தூக்கிக்கொண்டு ஓடியதாக உம்மா சொல்வார்.

போரைக் கடந்து வந்தவர்கள் நோவைப் பற்றிப் பேசும் விதம் ஒன்று இருக்கிறது. "உயிரோட இருக்கிறோமே" என்பார்கள். அந்தப் பொறுமையைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இந்த நோயில் பொறுமை கெடுதல் செய்கிறது. மூட்டு அரிபடுவதில் பெரும்பங்கு முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அரிபட்ட என்பை எந்த மருந்தும் திருப்பித் தராது. முதல் மாதங்களிலேயே மருந்து தொடங்கியவர்களின் கைகள் வருடங்கள் கழிந்தும் நேராக இருக்கின்றன. பெரியும்மாவுக்கும் எனக்கும் வந்தது ஒரே நோய்தான். பாதை திறந்திருக்கும் காலத்தில் எனக்கு வந்திருக்கிறது.

போரின் மனவடுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் முன்னாள் படையினரிடையிலும் பெண் தாதியரிடையிலும் நடந்த ஆய்வுகளில், கடும் மனவடு உள்ளவர்களுக்கு முடக்கு வாதம் சற்று அதிகமாக வருவது தெரிந்தது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று ஆகிவிடாது. பரம்பரை, புகைத்தல், இன்னும் பலவும் சேர்ந்துதான் இது வருகிறது.

மருந்து வேலை செய்யாத வாரங்கள்

எனக்கு எழுதித் தந்தவை நான்கு. வெள்ளி இரவு 10 மில்லிகிராம் மெதொட்ரெக்ஸேட். செவ்வாய்க்கிழமை போலிக் அசிட். தினமும் ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின். அவை வேலை செய்யத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்க, காலைச் சாப்பாட்டோடு சிறிய அளவில் பிரெட்னிசொலோன். அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள், நாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் மலேரியாக் குளிசையின் உறவு. மலேரியா இல்லாத நாடாக 2016இல் இலங்கை அறிவிக்கப்பட்ட பிறகும் மலேரியாக் குளிசையா என்று வாப்பா வியந்தார். நீண்டகாலம் எடுத்தால் அது விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்திலேயே கண்ணையும் பரிசோதிக்கச் சொன்னார்கள்.

மெதொட்ரெக்ஸேட்டைப் பற்றி இரண்டு விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முதலாவது, அது கிழமைக்கு ஒரு நாள் மருந்து. தவறுதலாக நாளாந்தம் எடுத்து இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதிகமானால் வாய் புண்ணாகும், என்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்தும். இது 2.5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். பார்மசியில் தரும்போது எத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால், "வெள்ளி மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால் போத்தலை வேறிடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, இது உடனே வேலை செய்யாது. ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். பனடோல் போட்டால் அரை மணியில் தலையிடி போகும் என்று பழகிய நமக்கு இது விளங்கக் கஷ்டம். முதல் மாதம் முழுக்க நான் கண்டது தீமையை மட்டும்தான். சனிக்கிழமை எழும்பினால் மசக்கை வந்தவளைப் போல் குமட்டல். உடம்பு ஈரச் சாக்கு மாதிரிப் பாரமாக இருக்கும். சீப்பில் வழமையை விட அதிகம் முடி. ஐந்தாவது வாரம், பிரெட்னிசொலோனைக் குறைத்ததும், விறைப்பு பழையபடி வந்தது. அந்த நேரம் பக்கத்து வீட்டு மாமி மருந்தோடு வந்த தாளைத் தன் மகனைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு, "இது கேன்சருக்குக் குடுக்கிற மருந்து புள்ள" என்றார்.

அது உண்மைதான். புற்றுநோய்க்கு இதே மருந்தைப் பல மடங்கு அதிக அளவில் கொடுக்கிறார்கள். அதன் கதை எங்கள் வீட்டு மாமைற் போத்தலில் தொடங்குகிறது என்பதைப் பின்னர் வாசித்துத் தெரிந்துகொண்டேன். 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் பம்பாயில், நெசவாலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். மாமைற் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். மாமைற்றில் இருந்த அந்தப் பொருள்தான் பின்னர் போலிக் அசிட் என்று அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன யெல்லாப்ரகட சுப்பாராவ், 1940களில் லெடர்லி ஆய்வுகூடத்தில் தன் குழுவினருடன் அதைச் செயற்கையாக உருவாக்கினார். பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளை அதே ஆய்வுகூடம் ஆக்கியது. அவற்றில் ஒன்று மெதொட்ரெக்ஸேட். முடக்கு வாதத்துக்கு அதை அமெரிக்கா அங்கீகரித்தது 1988இல். வெள்ளிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை அதன் எதிரி: என் குளிசைப் பெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. போலிக் அசிட் குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கிறது. மருந்தின் வேலையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

மாமி சொன்னதை வைத்தியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குளிசையைச் சாப்பாட்டுக்குப் பின், படுக்கப் போக முன் எடுக்கச் சொன்னார். சனிக்கிழமை தையல் எடுக்காதே, அந்த நாளை உடம்புக்குக் கொடு என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமை எங்கள் வீட்டில் எனக்கு லீவு நாள்.

ஒரு நாள்

ஸுபஹுக்கு அரை மணி முன்பே எழும்புகிறேன். உம்மா இளஞ்சூட்டில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்திருப்பார். அதற்குள் கைகளை வைத்து, மெல்ல மடக்கி விரித்து, மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். வெந்நீரில் மருந்துச் சக்தி எதுவுமில்லை. விறைப்பு இளகும், அவ்வளவுதான். குழாயின் உருண்டைத் திருகியை மாற்றி நீண்ட பிடி உள்ளதைப் பொருத்தினோம். செலவழித்த காசில் இதைப்போல் பயன் தந்தது வேறில்லை.

தொழுகை எந்த மூட்டில் நோய் இருக்கிறது என்று ஐந்து நேரமும் சொல்லிக்கொடுக்கும். ஸுஜூதில் மணிக்கட்டு, அத்தஹிய்யாத் இருப்பில் கால் விரல்கள். கதிரையில் இருந்து தொழ இடமுண்டு என்று தெரிந்திருந்தும் 25 வயதில் கதிரையில் இருக்க வெட்கமாக இருந்தது. பெரியும்மாதான் தன் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார்.

சமையலில் கை மாற்றிக்கொண்டோம். தேங்காய் துருவுவது, ரொட்டிக்கு மாப் பிசைவது, இடியப்பம் பிழிவது மூன்றும் மணிக்கட்டைக் கொல்லும் வேலைகள். தம்பி இடியப்பம் பிழியப் பழகிவிட்டான். பானையை விரல்களால் தொங்கத் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அடியில் தாங்க வேண்டும். கறியில் எந்த மீன், எந்த மரக்கறி என்பதில் வைத்தியர் எந்தத் தடையும் போடவில்லை. நோயை மாற்றும் பத்தியம் என்று நிறுவப்பட்ட ஒன்றும் கிடையாது. சூரையும் கீரியும் தாராளமாகச் சாப்பிடுகிறேன்.

தையலில்தான் அதிகம் இழந்தேன். கத்தரிக்கோல் பெருவிரலின் அடி மூட்டைப் பிடித்துத் திருகும். ஒரு நாள் வெட்டு, அடுத்த நாள் தையல் என்று பிரித்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி நடக்கிறேன். பொத்தான் தைப்பதை அயல்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து அவளுக்கு ஒரு பங்கு கொடுக்கிறேன். வருமானம் பாதியாகிவிட்டது. வெளியே போகும்போது ஸ்காஃப் ஊசி குத்த முடியாத காலைகளில், ஏற்கெனவே தைத்து வைத்த ஒன்றைத் தலையால் போட்டுக்கொள்வேன். இப்போது அதையே பத்துப் பேருக்குத் தைத்து விற்றிருக்கிறேன்.

டொரத்தி ஹொட்ஜ்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானிக்கும் இருபதுகளிலேயே இந்த நோய் வந்தது. மெதொட்ரெக்ஸேட் இல்லாத காலம் அது. தன் ஆய்வுகூடத்து எக்ஸ்ரே கருவியின் சுவிச்சைக் கையால் தள்ள முடியாமல், அதற்கு ஒரு நெம்புகோல் செய்து பொருத்திக்கொண்டார். பென்சிலினின் கட்டமைப்பைக் கண்டறிந்தார், 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தச் சுவிச்சை வாசித்தபோது எங்கள் குழாய்ப் பிடிதான் ஞாபகம் வந்தது.

கிளினிக்

கிளினிக் நாளில் காலை ஐந்தரைக்குப் பஸ். மேலே உள்ள கம்பியைப் பிடிக்க முடியாது. முழங்கையை ஆசனத்தில் கொளுவிக்கொள்வேன். நிபுணர் இருக்கும் வைத்தியசாலையில் நீண்ட வாங்கு. அங்கேதான் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு அக்காவைச் சந்தித்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான் அவருடைய வீடு. ஆனால் ஒருவரையொருவர் கண்டது அந்த வாங்கில். 1990இல் அவருடைய கணவர் கடைக்குப் போனவர், திரும்பவில்லை. மூட்டு வீங்கிப் பன்னிரண்டு வருடங்கள் கழித்துத்தான் வைத்தியரிடம் போனாராம். "எத்தினை கந்தோருக்கு அலைஞ்ச கை தங்கச்சி இது. இந்த நோவை எங்க கணக்கில எடுத்தது?" என்றார். இப்போது நாங்கள் ஒரே திகதியைக் கேட்டு வாங்குகிறோம். அவருக்கு மருந்து வாசிக்க நான், எனக்குச் சாப்பாட்டுப் பார்சல் அவர்.

மெதொட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது: இரத்தக் கலங்களின் எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம். எனக்கு முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இப்போது மாதம் ஒருமுறை. மதுவும் ஈரலுக்குக் கூடாது; ஆண்களும் இதை வாசிப்பதால் சொல்கிறேன். டிசம்பர் வெள்ளத்தில் ஒரு பரிசோதனையைத் தவறவிட்டேன். அதற்குப் பிறகு கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, தம்பியின் போனுக்கும் அனுப்பினேன். கொப்பியும் இரண்டு வார மருந்தும் அடையாள அட்டையோடு ஒரு பொலித்தீன் பைக்குள் கதவடியில் தொங்குகின்றன. இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2022இல் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது பலர் அளவைத் தாங்களாகவே பாதியாக்கினார்கள் என்று வாங்கில் பேசிக்கொண்டார்கள். மருந்து கிடைக்காவிட்டால் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும். மாற்று மருந்துகள் உண்டு.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மருந்து நிர்ப்பீடனத்தைத் தணிக்கிறது. காய்ச்சலோ தொற்றோ இருக்கும் வாரத்தில் மெதொட்ரெக்ஸேட்டை எடுக்காமல் வைத்தியரிடம் போகச் சொன்னார்கள். மாரி காலம் எங்கள் கரையில் டெங்குக் காலமும்தான். டெங்கு சந்தேகம் இருந்தால் டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்ற நோவு மருந்துகள் ஆபத்து, இரத்தப்போக்கைக் கூட்டும், பனடோல் மட்டும். வயல் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் உண்டு. அதேபோல, சலக்கடுப்புக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற அன்டிபயோட்டிக்கை மெதொட்ரெக்ஸேட்டோடு எடுத்தால் இரத்தக் கலங்கள் ஆபத்தான அளவுக்கு விழலாம். எந்த வைத்தியரிடம் போனாலும், எந்தப் பார்மசியில் நின்றாலும், "நான் மெதொட்ரெக்ஸேட் எடுக்கிறேன்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

நோன்பு வருகிறது. போன வருடம் காரணம் தெரியாத நோவோடு பிடித்தேன். இம்முறை முன்கூட்டியே கேட்டேன். கிழமைக் குளிசை இரவில்தான் என்பதால் சிக்கலில்லை. பிரெட்னிசொலோன் இன்னும் எடுப்பவர்கள் ஸஹர் சாப்பாட்டோடு எடுப்பதா என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். இரவில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகம் வறண்டால் மருந்து உடம்பில் தங்கிவிடும். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

கொப்பியை எங்கே வைப்பது

கல்யாணப் பேச்சு ஒன்று வந்திருக்கிறது. எங்கள் பக்கம் வீட்டைப் பெண்ணுக்கு எழுதுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இப்போது பெண்ணோடு சேர்த்து ஒரு கிளினிக் கொப்பியும். "கல்யாணம் முடியும் வரைக்கும் சொல்லாத" என்றார்கள் இரண்டு மாமிமார்.

மறைக்க முடியாததற்கு மருத்துவக் காரணமே இருக்கிறது. மெதொட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கும். அதை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கவே கூடாது; நம்பகமான கருத்தடை அவசியம். பிள்ளை வேண்டுமென்றால் வைத்தியருடன் திட்டமிட்டு, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபசலசினும் கர்ப்பத்தில் எடுக்கக்கூடியவை. பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் நோய் தணிந்து பிரசவத்துக்குப் பின் மீண்டும் எழும்புகிறது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை. இவ்வளவையும் கல்யாணம் முடிந்த மறுநாள் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? என் வயதுப் பெண்களிடம் கிளினிக்கில் இதைக் கேட்கும்போது பக்கத்தில் தாயை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டால் நல்லது. நான் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன்.

பதினோராவது வாரம் ஒரு காலை, நேரம் பார்த்தேன். விறைப்பு இருபது நிமிடத்தில் போயிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. 14ஆவது வார ரிப்போர்ட்டில் ஈ.எஸ்.ஆர். 34, சி.ஆர்.பி. 11. ஈரல் சரியாக இருக்கிறது. இடது மணிக்கட்டில் வீக்கம் இன்னும் இருக்கிறது. நோய் கிட்டத்தட்ட அடங்கும்வரை அளவைக் கூட்டுவது, போதாவிட்டால் இன்னொரு மருந்தைச் சேர்ப்பது என்பதுதான் முறையாம். எனக்கு 15 மில்லிகிராமாகக் கூட்டியிருக்கிறார்கள். இந்த வெள்ளியிலிருந்து ஆறு குளிசைகள். நாட்காட்டியில் வட்டத்துக்குப் பக்கத்தில் '6' என்று உம்மா எழுதிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். கதவடியில் தொங்கும் பொலித்தீன் பையை உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று உம்மா கேட்டார். அது தொங்குகிற இடத்திலேயே தொங்கட்டும் என்றேன். பெரியும்மா தன் கதிரையில் இருந்து, "நானும் அந்த நேரம் இருக்கிறேன்" என்றார்.